தலையில் பெயர் சுரண்டிய ஜப்பானிய பேஸ் கிட்டார்: இது யார் வீட்டுப் பிள்ளை?

கீழ்ஸ்தாயி

வணக்கம். நாகோயாவில் வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை ஒரு பழைய பொருள் கடைக்குப் போனேன். 'ஜங்க்' என்று எழுதி ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். வேலை செய்யுமா என்று நாங்கள் பார்க்கவில்லை, திருப்பிக் கொண்டுவராதே என்று அதற்குப் பொருள். உடைந்த கீபோர்டு இரண்டுக்கும் ஒரு ரைஸ் குக்கருக்கும் நடுவில் ஒரு பேஸ் கிட்டார் சாய்ந்து நின்றது. 14,000 யென். தூக்கிப் பார்த்தேன், கீழே வைக்க மனம் வரவில்லை.

ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடல் உருவம், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டு. உடல் மர நிறத்திலேயே விட்டது, மேலே தடிமனான வார்னிஷ். கழுத்தான நெக் மேப்பிள் மரம், கறுப்புக் கட்டம் பதித்தது. கம்பிகளைத் தலைப் பக்கம் தாங்கும் நட்டிலிருந்து உடல் பக்கம் தாங்கும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம், நட்டின் அகலம் 38 மில்லிமீட்டர். தலையில் லோகோ இருந்த இடத்தை எவரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். பின்புறம், நெக்கை உடலோடு பிணைக்கும் நெக் பிளேட்டில் எச் 78, அதற்குப் பின்னால் இன்னும் நாலு எண்கள். வால்யூமைத் திருகினால் அப்பளம் பொரிகிற சத்தம்.

விலைச்சீட்டில் 'ஃபெண்டர்?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறிக்கு இங்கே யாராவது பதில் சொல்லுங்கள்.

மரத்தூள்

ஃபெண்டர் இல்லை தம்பி. ஃபெண்டர் ஜப்பான் என்ற கம்பெனியே 1982 மார்ச்சில்தான் பிறந்தது. அதன் முதல் வரிசை நம்பர்கள் ஜேவி என்று தொடங்கும்.

எழுத்து, இரண்டு எண், அப்புறம் நாலு எண் என்பது வேறு ஒரு வீட்டு வழக்கம். எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு எண் வருடம். எச் எட்டாவது எழுத்து. ஆக 1978 ஆகஸ்ட். மட்சுமோட்டோ ஊரில் ஃபுஜிஜென் தொழிற்சாலையிலிருந்து வந்த ஐபனேஸ், கிரெகோ என்ற கிட்டார்கள் இரண்டிலும் இதே முறைதான்.

படம் போடுங்கள். முக்கியமாக பிக்கப்பைத் தூக்கி, அதன் கீழே குழிக்குள் தெரியும் மரத்தை.

பழையஇரும்பு

1978 என்றால் லாசூட் கிட்டார்! பார்த்துக்கொள்ளுங்கள் நண்பரே, ஃபெண்டர் கேஸ் போட்டு நிறுத்திய காலத்துச் சரக்கு. விற்றால் நாலு மடங்கு போகும்.

ஹமாமட்சு மாமா

'லாசூட்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது குடைகிறது. விற்கிறவர்கள் ஊதிப் பெருக்கிய சொல் அது.

நடந்தது இவ்வளவுதான். 1977 ஜூனில் கிப்சன் என்ற அமெரிக்க கிட்டார் கம்பெனியின் தாய்க் கம்பெனி நார்லின், அமெரிக்காவில் ஐபனேஸ் விற்றுக்கொண்டிருந்த எல்ஜர் என்ற கம்பெனி மீது ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. சண்டை கிட்டாரின் தலை வடிவத்தைப் பற்றியது. அந்தத் தலையை ஐபனேஸ் அதற்கு முன்பே மாற்றத் தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். ஃபெண்டர் அந்த வழக்கில் எங்கேயும் இல்லை. ஜாஸ் பேஸ் நகலை 'லாசூட்' என்று விற்பது, பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்தில் இவர் மாலை போட்டுக்கொள்வதுபோல.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், அந்தக் காலத்து ஜப்பானில் பெற்றவர் ஒருவர், பெயர் வைத்தவர் இன்னொருவர். தலையில் இருப்பது பெரும்பாலும் வியாபாரியின் பெயர். ஹோஷினோ என்ற நாகோயா வியாபாரக் குடும்பம் ஐபனேஸ் என்ற பெயரில் விற்றது. அந்தப் பெயரே சல்வடார் இபான்யெஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞருடையது. முதலில் அவருடைய கிட்டார்களை இறக்குமதி செய்தார்கள், பிறகு பெயரையே எடுத்துக்கொண்டார்கள். காண்டா ஷோகாய் என்ற இன்னொரு வியாபாரி கிரெகோ என்றார். அராய் என்பவர் தம் பெயரின் எழுத்துகளைப் புரட்டிப் போட்டு ஆரியா ஆக்கினார். இவர்களுக்கு மரம் அறுத்துக் கொடுத்தவர்கள் நகானோ மாவட்டத்து மலையடிவாரத்தில் இருந்தார்கள். ஃபுஜிஜென் அங்கே 1960இல் கிளாசிக்கல் கிட்டார் செய்யத் தொடங்கியது. அதே ஊரில் மட்சுமோகு, சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த பட்டறை. தையல் மெஷின் பெட்டியின் மூலையை இடைவெளி தெரியாமல் பொருத்தத் தெரிந்த கைக்கு, நெக் உட்காரும் குழியான நெக் பாக்கெட் பெரிய வேலை இல்லை.

சொந்தப் பெயரில் சொந்தப் பட்டறையில் செய்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், யமஹாவும் டோகாயும். ஊர்ப்பாசம், மன்னிக்கவும்.

நாலுகம்பி

மாமா சொன்ன வரலாறு சரி. ஆனால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன்.

நெக் பிளேட் என்பது நாலு ஸ்க்ரூவில் நிற்கும் ஒரு தகடு. யாரும் கழற்றி யாருக்கும் மாட்டலாம். அதில் எச் 78 என்று இருப்பதால் உடலும் நெக்கும் 1978 ஆகிவிடாது.

அடுத்தது, பழைய ஜப்பானியச் சரக்கு எல்லாமே தங்கம் என்ற பேச்சு. 1970களின் தொடக்கத்து நகல்கள் பலவற்றின் உடல் ஒட்டுப்பலகை. பிக்கப் கவரைக் கழற்றினால் உள்ளே அடுக்கடுக்காகத் தெரியும், பார்த்தால் சுவீட் கடை ஞாபகம் வரும். நானே அப்படி ஒன்றை இரண்டு வருடம் வைத்திருந்தேன். ஜி ஸ்ட்ரிங்கில் எங்கே விரல் வைத்தாலும் நோட்டு தும்மலோடு செத்துப்போகும். இன்று நாம் கொண்டாடுவது, நாற்பது வருடம் எவரும் குப்பையில் போட மனம் வராமல் வைத்திருந்தவற்றை. போட்டவை கணக்கில் வருவதில்லை.

மலிவான புது பேஸ் ஒன்று இன்று நெக்கில் பதிக்கும் ஃப்ரெட் கம்பிகளை நேராகப் போட்டு, சுருதி பிசகாமல் வருகிறது. வாசிக்க வேண்டுமென்றால் அதை வாங்கலாம். பழசு வேண்டுமென்றால், பழசு பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மரத்தூள்

ஒட்டுப்பலகை விஷயத்தில் உங்கள் பக்கம். ஆனால் காலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து 1976, 77 வாக்கில்தான் தரம் சட்டென்று ஏறியது. அமெரிக்காவில் சிபிஎஸ் கம்பெனி கையில் இருந்த ஃபெண்டரின் தரம் இறங்கிக்கொண்டிருந்த அதே நேரம் இங்கே பழைய ஃபெண்டரை ஒவ்வொரு மில்லிமீட்டராக அளந்து செய்ய ஆரம்பித்தார்கள். 1970களின் கடைசியில் கிரெகோ தன் வரிசைக்கு வைத்த பெயரே 'சூப்பர் ரியல்'. டோகாய் ஜாஸ் பேஸ் நகலுக்கு 'ஜாஸ் சவுண்ட்' என்றும் ஃபெண்டரின் இன்னொரு பேஸ் மாடலான பிரசிஷனின் நகலுக்கு 'ஹார்ட் பஞ்சர்' என்றும் பெயர் வைத்தது. பேஸ் கிட்டாருக்குக் குத்துச்சண்டைக்காரன் பெயர்! எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் அது.

கடைசியில் ஃபெண்டரே இங்கே வந்து நின்றது. காண்டா ஷோகாயும் யமானோ கக்கி என்ற இன்னொரு வியாபாரியும் பங்குதாரர்கள், செய்து கொடுத்தது ஃபுஜிஜென். நேற்று வரை நகல் எடுத்த அதே கைகள் மறுநாள் அசலைச் செய்தன. ஒப்பந்தத்தோடு கிரெகோ ஃபெண்டர் நகல்களை நிறுத்தியது.

மெல்லிசைக்காரி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் ஆரியா ப்ரோ 2 எஸ்பி-1000 இருக்கிறது, மட்சுமோகு செய்தது. மேப்பிளும் வால்நட்டும் மாற்றி மாற்றி ஒட்டிய நெக், தலையிலிருந்து பிரிட்ஜைத் தாண்டி அடி வரை ஒரே துண்டாக ஓடும். இரண்டு பக்கமும் சிறகு ஒட்டியதுபோல உடல். பிக்கப் ஒன்றே ஒன்று. அதன் பக்கத்தில் ஆறு நிலைக்குத் திருகும் ஒரு சுவிட்ச், திருகுவதற்கு ஏற்ப குரல் மாறும். டுரான் டுரான் இசைக்குழுவின் ஜான் டெய்லர், மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன், ஜாக் புரூஸ் மூன்று பேரும் இதை வாசித்திருக்கிறார்கள். இந்த மூன்று பெயரும் ஒரே வரியில் வருவதற்கு வேறு காரணம் கிடைக்காது.

1000 என்ற எண் என்னவென்று தெரியுமா? விலை. ஒரு லட்சம் யென். கிரெகோவில் 500 என்றால் 50,000 யென். 1970களின் கடைசியில் புதிதாக வேலைக்குச் சேரும் பட்டதாரியின் மாதச் சம்பளமும் ஏறக்குறைய ஒரு லட்சம்தான். முதல் மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்த ஒருவருடைய பேஸ்தான் இப்போது என் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நாலரைக் கிலோவுக்கு மேல். இரண்டு மணி நேரக் கச்சேரி முடிந்தால் இடது தோளில் பட்டையின் தடம் மறுநாள் வரை இருக்கும். அகலமான பட்டை வாங்குங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதற்கு முன்னால் இணையத்தில் வேறொன்று வாங்கி ஏமாந்தேன். படத்தில் ராணி மாதிரி இருந்தது. வந்து பார்த்தால் நெக் வில்லாக வளைந்திருந்தது, நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை ஏற்கெனவே கடைசி வரை இறுக்கி முடித்துவிட்டார்கள். திருப்ப இடமே இல்லை. விற்றவர் பதிலே போடவில்லை. அதற்குப் பிறகு பணம் கொடுப்பதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா?

கீழ்ஸ்தாயி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு கழற்றினேன். அதற்கு முன் ஓர் அசம்பாவிதம். நெக் பிளேட்டின் நாலு ஸ்க்ரூவில் மூன்று வந்துவிட்டது. நாலாவது தலை வழுக்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மேலே ஏறி ஏறி வந்து, நட்சத்திரக் குழியை வட்டக் குழியாக ஆக்கிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த நல்ல டிரைவர் அது.

ஹமாமட்சு மாமா

ஊரிலிருந்து கொண்டுவந்ததுதான் தப்பு. நாம் நட்சத்திர ஸ்க்ரூ என்று சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. ஊரில் விற்பது ஃபிலிப்ஸ். ஜப்பானில் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், குழியின் உள்வளைவு வேறு. ஜப்பான் ஸ்க்ரூவில் ஃபிலிப்ஸ் டிரைவர் அடி வரை உட்காராது, அழுத்தினால் ஏறி வரும். பழைய பைக் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஹோண்டா கார்புரேட்டரில் இதே கதையைச் சொல்வார்கள். சில ஸ்க்ரூத் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும், அது ஜேஐஎஸ் அடையாளம்.

இங்கே எந்தக் கடையில் வாங்கினாலும் கிடைப்பது அதுதான். ஒரு டிரைவர் வாங்கிக்கொள். இந்த ஒரு ஸ்க்ரூவுக்கு, பட்டையான ரப்பர் பேண்டை வெட்டிக் குழிக்கு மேல் வைத்து, டிரைவரை அழுத்தி மெதுவாகத் திருப்பு. அவசரப்படாதே.

கீழ்ஸ்தாயி

ரப்பர் பேண்ட் வேலை செய்தது மாமா. இரண்டாவது முயற்சியில் முனகிக்கொண்டு வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிக்கப் குழிக்குள் அடுக்கு எதுவும் இல்லை, முழு மரம். மேலே ஓடுகிற ரேகை அப்படியே உள்ளே இறங்குகிறது. உடல் மூன்று துண்டுகளை ஒட்டியது, ஒட்டு எங்கே என்று டார்ச் அடித்துத்தான் கண்டுபிடித்தேன். ஆஷ் மரம்போல ரேகை. நெக்கின் அடிப்பக்கத்தில், உடலுக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சதுரத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறது: 53.8.21.

1953இல் ஜாஸ் பேஸே கிடையாதே? குழம்பிப்போயிருக்கிறேன்.

நாலுகம்பி

ஜாஸ் பேஸ் 1960இல்தான் வந்தது. யாராவது விளையாட்டுக்கு எழுதியிருப்பார்கள்.

ஹமாமட்சு மாமா

விளையாட்டு இல்லை! அது ஷோவா வருடம். பழைய பேரரசர் பட்டத்துக்கு வந்த 1926தான் ஷோவா முதல் வருடம். ஷோவா எண்ணோடு 1925ஐக் கூட்டிக்கொள். 53உடன் கூட்டினால் 1978. ஆகஸ்ட் 21. பிளேட்டில் இருக்கும் எச் 78உம் ஆகஸ்ட்தான். நான் இங்கே வந்த புதிதில் முனிசிபல் அலுவலகப் படிவத்தில் பிறந்த வருடம் எழுதத் தெரியாமல் முழித்தவன். அந்த அவமானம் இன்றைக்கு உதவியது.

நாலுகம்பி

சரி, தோற்றேன். எழுதியவர் பட்டறை ஆளா, பின்னால் பழுது பார்த்தவரா என்று தெரியாது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் பழுது பார்த்தவர் அதே மாதத்தில் பழுது பார்த்திருக்க மாட்டார். தகடும் நெக்கும் ஒத்துப்போகின்றன.

மரத்தூள்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது ஆஷ் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, சென் மரமாக இருக்கும். ஜப்பானிலேயே வளர்வது, ரேகை ஆஷ் போலவே ஓடும், பெரிய பெரிய வளைவுகளாக. அந்தக் காலத்து ஜப்பானிய நகல்களில் நிறைய. விளம்பரத்தில் சில சமயம் ஆஷ் என்றே போட்டுவிடுவார்கள்.

கிரெகோவா ஐபனேஸா என்ற கேள்விக்கு என் ஊகம் இது. கிரெகோ முக்கியமாக உள்ளூர் சந்தைக்கு, ஐபனேஸ் ஏற்றுமதிக்கு. 1978இல் ஐபனேஸ் நகல் வேலையை விட்டு, 'மியூசிஷியன்' என்ற மாடல் போன்ற சொந்த வடிவங்களுக்குப் போய்விட்டிருந்தது. நாகோயாவில் கிடைத்த, 1978 ஆகஸ்ட் மாதத்து, அச்சு அசலான ஜாஸ் பேஸ் நகல் என்றால் கிரெகோ பக்கம்தான் தராசு சாய்கிறது. சத்தியம் செய்ய மாட்டேன், லோகோ இருந்த இடம் வெறும் மரமாக இருக்கிறதே.

பழையஇரும்பு

அப்படியென்றால் வழி சுலபம். இணையத்தில் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கல் கிடைக்கிறது. ஃபெண்டர் லோகோவே ஒட்டிவிடலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்தால் தெரியவே தெரியாது.

மெல்லிசைக்காரி

'தெரியவே தெரியாது' என்பதுதான் பிரச்சினை. இன்று நீங்கள் விளையாட்டாக ஒட்டுவீர்கள். பத்து வருடம் கழித்து ஒரு கல்லூரிப் பையன் அதை அசல் என்று நம்பிக் கடன் வாங்கி வாங்குவான். இந்த பேஸின் லோகோவைச் சுரண்டியவருக்கும் இதே யோசனைதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஒட்டுவதற்குள் சலித்துப்போயிருக்கும்.

பழையஇரும்பு

சரி சரி, அடிக்க வராதீர்கள். யோசனைதான் சொன்னேன். கிரெகோ லோகோ?

மெல்லிசைக்காரி

அதுவும் ஊகம்தானே. ஊகத்தை ஒட்ட வேண்டாம்.

கீழ்ஸ்தாயி

ஒட்டவில்லை. தேய்த்த இடத்தில் வேர்வையும் அழுக்கும் ஏறாமல் இருக்க மெல்லிய பூச்சு மட்டும் கொடுக்கப்போகிறேன்.

ஒரு சந்தேகம் மாமா. இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? கடைகளில் 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு கொரியாவில் செய்தவைதான் நிறையக் கண்ணில் படுகின்றன.

ஹமாமட்சு மாமா

நிறுத்தவில்லை, கட்டுப்படியாகவில்லை. 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் பிளாசா ஓட்டலில் ஐந்து நாட்டு நிதி மந்திரிகள் உட்கார்ந்து டாலரை இறக்க முடிவு செய்தார்கள். டாலருக்கு 240 யென் பக்கம் இருந்தது இரண்டு வருடத்துக்குள் 150 பக்கம் வந்துவிட்டது. மட்சுமோட்டோவில் அதே மரம், அதே கூலி. ஆனால் அமெரிக்கக் கடைக்காரன் தர வேண்டிய டாலர் ஒன்றரை மடங்கு. மலிவான வரிசைகள் ஒவ்வொன்றாகக் கொரியாவுக்குப் போயின. மட்சுமோகு 1987இல் மூடப்பட்டது. ஃபுஜிஜென் தாக்குப்பிடித்தது, இன்றும் செய்கிறது.

யமஹா பற்றி யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். அதன் பேஸ் வரிசையின் பெயரில் வரும் பிபி என்றால் 'பிராட் பேஸ்'. 1977இல் வந்த வரிசை இன்றும் அதே பெயரில் தொடர்கிறது. ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் இசைக்குழுக்களின் பீட்டர் ஹுக் வாசித்த பேஸ் பிபி1200எஸ். கீழ் ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டு மேலே ஏறி ஏறி வாசிப்பாரே, அவர். எங்கள் ஊர்க்காரன் செய்தது!

மரத்தூள்

மாமாவை நிறுத்த முடியாது. தம்பி, செட்டப் எப்படிப் போகிறது? நெக் கழன்றிருக்கும்போதே ட்ரஸ் ராடைப் பார்த்துவிடுங்கள், உங்களுடையதில் அதைத் திருகும் நட் நெக்கின் அடிப்பக்கம் இருக்கிறது, மாட்டிய பிறகு எட்டாது. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மாட்டி, சுருதி சேர்த்து, ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். அப்பளச் சத்தத்துக்குக் காண்டாக்ட் கிளீனரை, திருகும் குமிழுக்கு அடியில் இருக்கும் 'பாட்' என்ற பாகத்துக்குள் அடித்து முப்பது தடவை திருகுங்கள். புதுசு மாற்றாதீர்கள், பழைய பாட் நன்றாகவே இருக்கும்.

கீழ்ஸ்தாயி

முடிந்தது. ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறது, மெல்லிசைக்காரி அக்கா கவனத்துக்கு. கால் சுற்றுத் திருப்பினேன், கார்டு நுழைகிறது. கிளீனர் அடித்ததும் இரண்டு வால்யூமும் அமைதியாகிவிட்டன. டோன் மட்டும் ஒரே ஓர் இடத்தில் இன்னும் பொரிகிறது, அங்கே திருப்பாமல் விட்டுவிடுகிறேன்.

45-105 தடிமனில் புது ஸ்ட்ரிங் போட்டு இரவு ஹெட்ஃபோனில் வாசித்தேன். பின் பிக்கப் மட்டும் வைத்தால் மூக்கால் பேசுகிறது. இரண்டையும் சேர்த்தால் அந்த மூக்கு போய், நெஞ்சுக்குள் இறங்கும் குரல். ஜி ஸ்ட்ரிங்கில் ஆறாவது ஃப்ரெட்டில் மட்டும் நோட்டு சீக்கிரம் செத்துவிடுகிறது.

நாலுகம்பி

அது டெட் ஸ்பாட். ஐந்து முதல் ஏழு வரை இந்த மாதிரி நெக்குகளில் எங்காவது ஒன்று இருக்கும், அசல் ஃபெண்டரிலும் உண்டு. நகல் எடுத்தவர்கள் அதையும் விடாமல் எடுத்திருக்கிறார்கள். அதே நோட்டை டி ஸ்ட்ரிங்கில் பதினோராவது ஃப்ரெட்டில் வாசியுங்கள்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். அந்த ஜங்க் மூலையில் வேறு ஏதாவது இருந்ததா?

ஹமாமட்சு மாமா

புதுசு வாங்கச் சொன்ன ஆள் கேட்கிறார், பாருங்கள்.

கீழ்ஸ்தாயி

ஒரு பிரசிஷன் உருவம் இருந்தது அண்ணா. தலையில் லோகோ இருக்கிறது, நெக் பிளேட்தான் இல்லை. வெறும் நாலு ஓட்டை. சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், ஜேஐஎஸ் டிரைவரோடு.